மூன்று விநாடி

ஈஸ்வரியும் நானும் வேலூரில் ஒரே அறையில் இரண்டு வருஷம் இருந்தோம். ஒரே கம்பெனியில் வெப்சைட் செய்யும் வேலை. நான் செங்கத்துக்காரி. அவள் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரி. அந்த ஊரில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் அவள்தான். அதை அவளாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுடைய அம்மா பெரியம்மாள்தான் போனில் என்னிடம் பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

போன வருஷம் பங்குனியில் அவளுடைய அப்பா பஞ்சாட்சரம் புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்தார். தலையில் அடி. வேலூருக்குக் கொண்டுவந்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் அசைவு இருந்தது, அதுவும் ஒரேயடியாக நடுங்கும். மற்றபடி எல்லாம் புரியும். அம்மா எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டு தண்ணீர் புகட்டினால் உதட்டை மூடிக்கொண்டு அழுவார்.

"அவருக்கு இன்னா வேணும்னே தெரியல புவனா. முதுகு வலிக்குதா, பசிக்குதா, ஒண்ணும் தெரியல" என்று ஒரு நாள் ஈஸ்வரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அந்த வாரமே ஒரு வெப் பக்கம் எழுதி, ஊரில் அப்பாவின் கட்டிலருகே தன் பழைய லேப்டாப்பில் அதைப் போட்டு வைத்தாள். திரையில் நான்கு பெரிய படங்கள். தண்ணீர்ச் சொம்பு ஒன்று. புரண்டு படுக்கும் ஆள் ஒன்று. மூன்றாவது அம்மாவின் போட்டோ, நான்காவது அவளுடைய போட்டோ. அப்பாவின் மடியில் பலகை வைத்து அதன்மேல் மவுஸ். அதை நகர்த்தினால் திரையில் ஒரு மஞ்சள் வட்டம் நகரும். அவருக்கு அழுத்த வராது, அதனால் அழுத்தவே வேண்டாம். வட்டம் ஒரு படத்தின்மேல் ஒரு விநாடி நின்றால் போதும். முதல் மூன்று படங்களுக்கும் லேப்டாப் சத்தமாகப் பேசி அம்மாவைக் கூப்பிடும். அவளுடைய படத்தில் நின்றால் அவள் போனுக்குச் செய்தி வரும். உடனே அவள் அம்மாவின் போனுக்கு அடிப்பாள். அம்மா எங்கே இருந்தாலும் ஓடி வந்து அதை அவர் காதில் வைப்பார்.

பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனிதர் மூன்றே நாளில் பழகிக்கொண்டார். முதல் தடவை அவராகத் தண்ணீர் கேட்டபோது பாதி முகத்தால் சிரித்தாராம்.

அந்த வட்டம் எங்கெங்கே போகிறது என்பதைப் பக்கம் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். இத்தனை மணிக்கு இடது ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி என்று. படங்களை எவ்வளவு பெரிதாக வைப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அப்படிச் செய்தாள். ஆபீஸில் ஓர் ஓரத்தில் அதைத் திறந்து வைத்திருப்பாள். காலையில் புள்ளி அசைந்தால் "அப்பா முழிச்சிக்கினாரு" என்பாள்.

ஆவணியில் தொல்லை ஆரம்பித்தது. கை நடுக்கம் கூடிவிட்டது. வட்டம் எங்கோ போகிற வழியில் அவள் படத்தில் நின்றுவிடும், செய்தி வந்துவிடும். ஒரே மதியத்தில் பதினோரு செய்தி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே ஓடினாள். எங்கள் டீம் லீடர் புருஷோத்தமன் நல்ல மனிதர்தான், படவேட்டுக்காரர். "ஈஸ்வரி, வூட்டு நெலம புரியுதுங்க. இருந்தாலும் கஸ்டமர் லைன்ல இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அவள் முகம் சிவந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் சொன்னேன். "மூணு செகண்டு வெச்சிடேன் டீ. நெஜமா வேணும்னா நிறுத்தி வெப்பாரு."

ஈஸ்வரி கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒன்றை அழித்து மூன்று என்று போட்டாள். நடுவில் வட்டம் படத்தை விட்டு வெளியே போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மாற்றியதை அவளுடைய அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஒரே ஒரு செய்தி வந்தது. செவ்வாயும் புதனும் ஒன்றும் இல்லை. "பாத்தியா, இப்ப கரெக்டா இருக்குது" என்றாள்.

வியாழக்கிழமை கஸ்டமருக்குத் திரையைக் காட்டி விளக்க வேண்டியிருந்ததால் அப்பாவின் பக்கத்தை மூடி வைத்திருந்தாள். போன் கையில்தான் இருந்தது. அது சும்மா கிடந்தது. ஒன்றரை மணிக்கு அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் சாமைக் கொல்லையில் களை எடுத்துவிட்டுத் திரும்பியபோது அப்பாவின் உயிர் போயிருந்தது.

நானும் அவளோடு கிளம்பினேன். கண்ணமங்கலம், போளூர் என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. தலைக்குள் மறுபடி ரத்தம் கசிந்திருக்கும், பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஜமுனாமரத்தூரிலிருந்து வந்திருந்த டாக்டர் சொன்னார். ஈஸ்வரி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

காரியம் முடிந்த மறுநாள் நான் மறுபடி மலைக்குப் போயிருந்தேன். அந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்று அவள் லேப்டாப்பைத் திறந்தாள். மூடுவதற்கு முன்னால் அந்த வியாழக்கிழமையின் புள்ளிகளை எடுத்து, திரையில் கோடாக வரையவிட்டாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

தண்ணீர்ப் படத்தின்மேல் ஒரு கோடும் இல்லை. அம்மாவின் படத்தின்மேலும் இல்லை. அம்மா கொல்லைக்குப் போயிருப்பது அவருக்குத் தெரியும். எல்லாக் கோடுகளும் ஈஸ்வரியின் முகத்தின்மேல் அப்பியிருந்தன. பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டு நாற்பத்தொன்று வரை, நாற்பத்தொரு தடவை வட்டம் உள்ளே வந்திருக்கிறது. கை நடுங்கி வெளியே போயிருக்கிறது, திரும்ப வந்திருக்கிறது. அதிகபட்சம் நின்றது இரண்டு விநாடியும் கொஞ்சமும்.

அவள் அழவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

பெரியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து கேட்டார். "இன்னா எழுதிக்கீது அதுல? அன்னிக்கி யாரயனா கூப்ட்டாரா?"

"இல்லமா. தூக்கத்துலயே போய்ட்டாரு."

"தூங்குற மனுசன் மவுஸ அப்பிடி புடிச்சிக்கினு இருப்பாரா? வெரல பிரிக்கவே முடியல. நான்தான் ஒவ்வொண்ணா பிரிச்சேன்."

ஈஸ்வரி லேப்டாப்பை மூடினாள். அப்புறம்தான் அவளுக்கு உடைந்தது. தரையில் தலை பட அப்படியே சாய்ந்துவிட்டாள். "என்னத்தான்மா கூப்ட்டாரு. நாப்பத்தியோரு தபா. நான்தான் கேக்காதபடி பண்ணி வெச்சிட்டேன்."

பெரியம்மாள் அவளைத் தொடவில்லை. வாசலைப் பார்த்து நின்றார். "கை ஆடுமே அவருக்கு. அது உனக்குத் தெரியுமே" என்றார். திட்டுகிற குரல் இல்லை. ஆனாலும் அதைவிடக் கடுமையாக யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ரொம்ப நேரம் கழித்து வந்து, மகளின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் டாக்டர் சொன்னதை நான் அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

"பொழைக்க மாட்டாருன்னு எனக்கும் தெரியும் டீ. என் கொரலயாவது கேட்டிருப்பாரு இல்ல" என்றாள்.

வேலையை அவள் விடவில்லை. அம்மா மலையை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் வாரா வாரம் இவள்தான் போய் வருகிறாள். பக்கத்தையும் மூடவில்லை, புள்ளிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

ஐப்பசியில் வேறு ஹாஸ்டலுக்கு மாறிக்கொண்டாள். ஆபீஸுக்குப் பக்கம் என்றாள். உண்மையில் அது இன்னும் தூரம். பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்போது கேட்டுவிட்டேன். "நான் சொன்னதாலதான?"

"நீ சொன்ன. போட்டது நான்தான், புவனா" என்றாள். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள்.