அடி வாங்கித் தைத்த ரவிக்கைகள்

கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த அன்று என் கணவர் எனக்குக் காட்டிய முதல் பொருள் அவருடைய தையல் மிஷின்தான். கால்வாயை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை வீடு. வாசல் பக்கம் வெளிச்சம் விழும் இடத்தில் அது நின்றது. கறுப்பு உடம்பு, பளபளக்கும் சக்கரம், கீழே இரும்பு மிதி. ஆசையாகக் குனிந்து பார்த்தேன்.

"பாத்துக்கினே இரு. தொட்டே, கை இருக்காது," என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்குக் கிடைத்ததுதான் அந்த வீட்டில் நான் வாங்கிய முதல் அறை. காதில் வண்டு நுழைந்த மாதிரி ரொம்ப நேரம் ரீங்காரம் கேட்டது.

இத்தனை வருஷம் கழித்தும் அந்த மனிதரை 'அவர்' என்றுதான் எழுத வருகிறது. மரியாதையால் இல்லை, நாக்குப் பழக்கம்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அவர், நான், என் மாமியார். மாமியார் விடியற்காலையில் கீரைக் கூடையோடு குளத்தங்கரைக்குப் போய் விற்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். கணவர் என்னை அடிக்கும்போது மாமியார் காலிக் கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அதைக் கழுவத் தொடங்குவார். அடி நிற்கும்வரை கழுவிக்கொண்டே இருப்பார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை நான் ரொம்ப நாள் வெறுத்தேன்.

அவர் அடிப்பதற்குத் துணி அளக்கும் கஜக்கோலை வைத்திருந்தார். சோற்றில் கல், கூப்பிட்டதும் வரவில்லை, கூப்பிடுவதற்கு முன்னால் வந்து நின்றேன், எதுவானாலும் கோல்தான்.

ஒரு ஆடி மாதம் கள்ளுக்கடையில் யாரோடோ சண்டை போட்டார். எதிராளி இவருடைய வலது கையை முறுக்கி, மணிக்கட்டை உடைத்துவிட்டான். சைதாப்பேட்டையில் எலும்பு கட்டுகிறவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஆவணி முடியும்வரை கையை அசைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டிலோ ஒரு மூட்டைத் துணி கிடந்தது. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து எழும்பியிருந்த புது வீடுகள் ஒன்றில் ஆவணியில் கல்யாணம். அந்த வீட்டுப் பெண்களுக்கான ரவிக்கைகளை எல்லாம் தைத்துத் தருவதாக இவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரு நாள் முழுக்க மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா. குந்து."

"எங்க?"

"மிஷினாண்ட குந்துடி."

நான் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் முக்காலி போட்டு, இடது கையில் கோலோடு அவர் உட்கார்ந்தார். தையல் கற்றுக்கொண்டது இப்படித்தான்.

முதலில் நூல் கோக்காமல் காகிதத்தில் ஓட்டச் சொன்னார். சக்கரத்தைக் கையால் நம் பக்கம் தள்ளிவிட்டு, அது சுழலத் தொடங்கும்போது காலைச் சேர்க்க வேண்டும். கால் முந்திக்கொண்டால் சக்கரம் பின்னால் ஓடும். என் கால் முந்திக்கொண்டது. தோளில் அடி விழுந்தது. மறுபடி முந்திக்கொண்டது. மறுபடி அடி. வலது கையால் அடிக்கும்போது எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இடது கைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கழுத்து, காது, முழங்கை என்று கண்ட இடத்தில் விழுந்தது.

பிறகு நூல் கோத்துத் துணி கொடுத்தார். நூல் அறுந்தால் அடி, தையல் கோணினால் அடி. அடி வரப்போகிறதே என்று உடம்பு சுருங்கும்போது தையல் இன்னும் கோணும். அப்படிச் சுருங்கிய ஒரு கணத்தில்தான் ஊசி என் இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கியது. நகத்தைத் துளைத்து, உள்ளேயே முறிந்தது.

நான் அலறியதும் அவர் எழுந்து வந்தார். விரலைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

"ஊசிய ஒட்ச்சிட்டியேடி, பாவி!" என்று தலையில் குட்டினார்.

குறடால் முறிந்த துண்டைப் பிடுங்கினார். விரலில் மண்ணெண்ணெயை ஊற்றி, கந்தல் சுற்றி, வேறு ஊசி மாட்டி, "ஓட்டு," என்றார். பச்சைப் பட்டுத் துணியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி கோலை எடுத்தார். பின்பக்கம் கூடை கழுவும் சத்தம் கேட்டது.

ஆனால் கை படிந்தது. அதுதான் எனக்கே அதிசயம். உடம்பில் இடம் விடாமல் வீங்கியிருக்க, தையல் மட்டும் கோடு கிழித்த மாதிரி ஓடத் தொடங்கியது. அப்போது நாகரிகமாயிருந்த, தோளில் உப்பி நிற்கும் ரவிக்கைக் கையை, ஒரு சுருக்கம் கூட இல்லாமல் உடம்புத் துணியோடு சேர்த்தேன். அந்தச் சமயத்தில் எனக்குள் வந்தது சந்தோஷம்தான். அதற்கு வேறு பேர் எனக்குத் தெரியவில்லை. இனி அடிக்கக் காரணம் இருக்காது என்றும் நினைத்தேன்.

மாம்பலம் வீட்டுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அந்த வீட்டு அம்மாள் ஒரு ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நன்னா இருக்கே! முன்னெல்லாம் இவ்வளவு நேர்த்தியா இருக்காதே. யார் தைச்சா?"

"நான்தாம்மா," என்றார் என் கணவர்.

அம்மாள் அவர் கைக்கட்டைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கையாலயா? ஏண்டி பொண்ணே, நீதானே தைச்சே?"

நான் தலையாட்டிவிட்டேன்.

திரும்பும் வழியில், தேனாம்பேட்டைத் தோட்டங்களுக்கு நடுவே ஆள் குறைந்த இடம் வந்ததும் அவர் நின்றார். முதல் உதையில் நான் விழுந்தேன். விழுந்தவளின் விலாவில் மாறி மாறி உதைத்தார். ஒரு ஜட்கா வந்தது. வண்டிக்காரன் குதிரையைக் கொஞ்சம் நிதானித்து, பார்த்து, ஓட்டிக்கொண்டு போனான். தப்பாகத் தைத்ததற்குக் கூட அவ்வளவு அடி வாங்கியதில்லை. எப்படித் தைத்தாலும் அடிதான் என்று அந்தப் புழுதியில் கிடந்தபோது புரிந்தது. புரிந்ததும் பயம் கொஞ்சம் விட்டுப் போயிற்று.

கட்டு பிரித்தபோது அவர் மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. கத்தரிக்கோல் பிடித்தால் விரல்கள் நடுங்கின. துணி கொண்டுவருகிற பெண்கள், "உங்க வீட்டுக்காரியே தைக்கட்டும்," என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தொடங்கினார்கள். அவர் பகலிலேயே குடித்துவிட்டு வர ஆரம்பித்தார்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு குழந்தைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவர் என் இடது கையைப் பிடித்தார்.

"இந்தக் கைதானே? இந்தக் கைதானேடி எல்லாரும் கேக்குறாங்கோ?"

கையை இழுத்து ஊசிக்கு அடியில் வைத்து, சக்கரத்தைத் தன் கையால் திருப்பினார். ஊசி உள்ளங்கையில் இறங்கி ஏறியது. மறுபடி இறங்கியது. என் வலது கைப் பக்கம் பெரிய கத்தரிக்கோல் இருந்தது. அதை எடுத்து அவர் தொடையில் குத்தினேன். எலும்பில் இடித்தது கையில் தெரிந்தது.

"எம்மா! குத்திட்டாம்மா!" என்று அவர் அலறினார்.

மாமியார் வந்து நின்றார். மகனின் வேட்டி சிவப்பதையும், மிஷினில் மாட்டிக்கொண்டிருந்த என் கையையும் பார்த்தார். முதலில் சக்கரத்தை மெதுவாகத் திருப்பி என் கையை விடுவித்தார். அப்புறம்தான் தன் புடவையைக் கிழித்து அவர் தொடையைக் கட்டினார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து கேட்டதற்கு, "குட்ச்சிட்டு கத்திரி மேல வுழுந்துட்டான்," என்றார்.

அவர் நொண்டாமல் நடக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவரை என்னைத் தொடவில்லை. ஒரு காலையில் வெளியே போய், கைவண்டிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வண்ணாரப்பேட்டையில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போகிறாராம், மிஷினையும் கொண்டு போகிறாராம்.

மாமியார் நேரே போய் மிஷினுக்கு அடியில், மிதியின் மேலேயே உட்கார்ந்து, அதன் இரும்புக் காலைக் கட்டிக்கொண்டார்.

"நீ போ நைனா. இது வராது."

"எம் மிஷின் இது!"

"இது பூட்ச்சின்னா நாங்க இன்னாத்த துன்றது? தைக்கிறது அவோ. நீயா தைக்கிறே?"

அவர் குனிந்து பெற்ற தாயின் வாயில் குத்தினார். மாமியாரின் தலை இரும்பில் மோதியது. பிடியை விடவில்லை. மறுபடி குத்தினார். அதற்குள் கஜக்கோல் என் கையில் இருந்தது. அவர் முதுகில், தோளில், தலையில் என்று ஓங்கி ஓங்கிப் போட்டேன். கோல் முறிந்தது. முறிந்த துண்டாலும் அடித்தேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, கத்தினேன். கைகளால் தலையை மூடிக்கொண்டு அவர் வாசலுக்கு ஓடினார்.

வண்டிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "பெத்தவள அட்ச்சிட்டு வர்றவனுக்கு நான் வண்டி இய்க்க மாட்டேன். வேற ஆள பாரு," என்றார். சந்தில் இருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி கல்லை எடுத்தாள். அவர் வெறுங்கையோடு நடந்து போனார். அதற்கப்புறம் அந்தச் சந்துக்குள் வரவே இல்லை.

உள்ளே மாமியார் இன்னும் மிதியின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து வாய் ஒரு பக்கமாக வீங்கிக்கொண்டிருந்தது. விரலை விட்டுத் துழாவி, ஒரு பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எழுந்திருங்க அத்தே," என்றேன்.

"பூட்டானா?"

"பூட்டாரு."

அப்போதுதான் இரும்புக் காலிலிருந்து கைகளை எடுத்தார். நான் அரிசிநொய்யில் கஞ்சி வைத்து, ஆற்றிக் கொடுத்தேன். வீங்காத பக்கமாகக் கிண்ணத்தைச் சாய்த்து, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, "உப்பு கம்மியா கீது," என்றார். எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.