மலைக்குப் போக இரண்டு சங்கிலி

என் கணவருக்கு ஒரு யோசனை வந்தால் அது அவர் தலைக்குள் சும்மா இருக்காது. வீட்டிலிருக்கிற எல்லோருக்கும் வேலை வைக்கும். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் பலெர்மோவுக்கு வந்த ஐந்தாவது குளிர்காலத்தில், பனியில் போய் இரண்டு நாள் தங்குவது என்ற யோசனை வந்தது. ஊரில் மார்கழி விடியற்காலையில் புல்லில் நிற்கிற பனியில்லை. வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கிற பனி. பலெர்மோவில் அதற்கு வழியில்லை. இரண்டு மணித்தியாலம் ஓடினால் மதோனியே மலையில் முழங்கால் அளவுக்குக் கிடக்குதாம். பிள்ளைகள் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த சாமான்.

மூன்று குடும்பம், இரண்டு காம்பர். காம்பர் என்றால் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கட்டிய வாகனம். ஒன்று இவருடைய சிநேகிதர் வேலை செய்த மொண்டெல்லோ ரெஸ்ரோறன்ட் முதலாளியுடையது. மற்றது என் சின்யோராவின், அதாவது நான் வேலை செய்த வீட்டு அம்மாவின், கணவருடையது. பொலிதேயாமா தியேட்டருக்குப் பக்கத்தில் அவர்களுடைய வீட்டில்தான் நான் துடைத்து, மடித்து, சமைத்துக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முழுக்கச் சும்மா நிற்கிறதுதானே, கொண்டு போங்கள் என்று சின்யோராவே சொன்னா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் கைவேலையைப் பார்த்துத்தானே தருகிறார்கள்.

கபோ சந்தைப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நடக்கும். மூன்றாவது குடும்பமான மன்னார்க்காரர் தேவாலயத்தில் பூசை முடித்து நேரே வருவார்கள். ஆண்கள் மேசையில் வரைபடத்தை விரித்து, ஏதோ நாடு பிடிக்கப் போகிறவர்கள் மாதிரிக் குனிந்து நிற்பார்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, எங்கே நிறுத்துவது, யார் முன்னுக்கு ஓடுவது. மூன்று கிழமை கதைத்து அவர்கள் எழுதிய சாமான் பட்டியலில் முதலாவதாக இருந்தது இறைச்சி பழுதாகாமல் கொண்டுபோக ஐஸ்பெட்டி. பனிக்குள் போறதுக்கு ஐஸ்பெட்டி என்னத்துக்கு என்று கேட்டேன். மூன்று ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெண்கள் நாங்கள் மூன்று பேரும் குசினிக்குள் போய் வயிறு நோகச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடுத்த செவ்வாய்க்கிழமையோடு போயிற்று. நான் கறி தாளித்துக்கொண்டு நிற்கிறேன். இவர் நடைபாதையில் நின்று சிநேகிதரோடு ரெலிபோனில் கதைக்கிறார். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால்தானே நமக்குக் காது கூர்மையாகும்.

"சங்கிலி இல்லாமல் ஏலாது. ரெண்டு வேணும். நான் எடுக்கிறன். மனிசிக்கு இன்னும் சொல்லேல்லை, சொன்னால் குழப்பிப் போடுவா."

வீட்டில் இருந்த சங்கிலியே இரண்டுதான். ஒன்று என் கழுத்தில், மற்றது ஏழு வயது மகளின் கழுத்தில்.

இதை விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் என் காப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்னம் இவருடைய தம்பியை ஏஜென்சி வழியாக வெளிநாட்டுக்கு எடுப்பிக்க, என்னுடைய ஆறு காப்பும் போயின. அடைவு வைத்ததுதான், மீட்டுத் தருவேன் என்றார். மீட்கவில்லை. நான் சண்டை பிடித்த சத்தம் மூன்றாம் மாடி வரைக்கும் கேட்டது. அன்றைக்கு மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார், இனிமேல் உன் நகையில் கை வைக்க மாட்டேன் என்று. அந்தச் சத்தியத்தை நம்பித்தான் நான் அதற்குப் பிறகு இந்த வீட்டில் நிம்மதியாக நித்திரை கொண்டேன். இப்போது பனி பார்க்கிறதுக்காக, தலையில் கை வைத்த அதே பிள்ளையின் கழுத்திலா?

கேட்டிருக்கலாம். கறியில் உப்புக் குறைந்தது என்று சொன்னாலே ஒரு மணித்தியாலம் கதைக்கிற வாய் என்னுடையது. இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லிவிட்டால் பிறகு அந்த மனிசனோடு எப்படி இருக்கிறது?

அடுத்த நாள் காலையில் இரண்டு சங்கிலியையும் கழற்றிக் கைலேஞ்சியில் முடிந்து வேலைக்குக் கொண்டுபோனேன். கொழுக்கி கழன்று போச்சுது, திருத்தக் குடுக்கிறன் என்று மகளுக்குப் பொய். சின்யோராவிடம் முடிச்சை நீட்டினேன். எனக்கு அப்போது தெரிந்த இத்தாலியன் சவர்க்காரத்துக்கும் சந்தைக்கும் காணும். குடும்ப விஷயத்துக்குக் காணாது. கணவர், கத்தேனே, எடுக்கிறார், மலைக்கு என்றேன். கத்தேனே என்றால் சங்கிலிகள். எனக்குத் தெரியாமல் எடுக்கிறாரா என்று கேட்டா. ஓம் என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. சின்யோரா முகம் சிவந்து, முடிச்சைத் தன் அலுமாரி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினா. வீடு வரும்போது நெஞ்சு இலேசாக இருந்தது. என்னைப் போலக் கெட்டிக்காரி ஒருத்தியுமில்லை என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் இவர் காம்பர் சாவி வாங்கப் போனார். அடுத்த நாள் பயணம். நான் புட்டை அவித்து இறக்கிவிட்டு இறைச்சியைப் பிரட்டிக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

சின்யோராவின் கணவர் சாவி தர மாட்டாராம். பெண்சாதியின் நகையைக் களவெடுத்து ஊர் சுற்றுகிறவனுக்குத் தன் வாகனம் இல்லையாம். வாசற்படியில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். இவர் ஒன்றும் விளங்காமல் நின்றுவிட்டு வந்திருக்கிறார். வரும் வழியில் விளங்கிவிட்டது.

கீழே போனார். மாடிப்படிக்குக் கீழே இருந்து ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி நிலத்தில் கொட்டினார். இரும்பு. ரயருக்குச் சுற்றிக் கட்டுகிற சங்கிலி, இரண்டு. பனி விழுந்த றோட்டில் அது இல்லாமல் மேலே ஏற விடமாட்டார்களாம். ரெஸ்ரோறன்ட் முதலாளி இரவலாகக் கொடுத்தது.

"சங்கிலி கட்டித்தான் மலை ஏற வேணும் எண்டு தெரிஞ்சால் நீர் பயந்து பிள்ளையளை விடமாட்டீர். அதுதான் சொல்லேல்லை" என்றார். பிறகு, "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடவுளாணை, முதலில் சிரிப்புத்தான் வந்தது. இவர் சிரிக்காததைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். இறைச்சி அடிப்பிடித்த மணம் வந்தது.

அடுப்பை நூர்த்துவிட்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு உடனே பொலிதேயாமாவுக்கு நடந்தோம். அந்தச் சின்யோராவின் முன்னால் நின்று, கையைச் சில்லு மாதிரிச் சுற்றி, கழுத்தைத் தொட்டு, இல்லை இல்லை, சில்லு, இரும்பு, நேவே, அதாவது பனி, என்று நான் ஆடிய கூத்தை மகள் வளர்ந்த பிறகும் நடித்துக் காட்டுவாள். கடைசியில் மகள்தான் தன் பலெர்மோ இத்தாலியனில் இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தாள். சின்யோரா வாயைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டா. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது அவவுக்கு. அவவின் கணவர் சிரிக்கவில்லை. எழும்பி வந்து, இரண்டு கையாலும் இவருடைய கையைப் பிடித்து, மன்னிக்க வேண்டும் என்றார். அந்த வீட்டில் யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன்னம் கேட்டதில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்தார். என் மனிசனின் முகம் தெளிந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

அப்போது சின்யோரா உள்ளே போய், லாச்சியைத் திறந்து, என் கைலேஞ்சி முடிச்சைக் கொண்டு வந்து நீட்டினா.

கையை நீட்டி வாங்க வேண்டியதுதானே. எல்லாம் வெளுத்துவிட்டது, இரும்புச் சங்கிலி வீட்டில் கிடக்கிறது, மனிசன் பக்கத்தில் நிற்கிறார். என் கை எழும்பவில்லை. வாய்தான் முந்தியது.

"தோப்போ" என்றேன். பிறகு என்று அர்த்தம்.

ஒரு சொல். வேறெந்தச் சொல்லையும் இத்தாலியனில் இவ்வளவு திருத்தமாக நான் சொன்னதில்லை. சின்யோராவின் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தா, இவரைப் பார்த்தா, மெல்ல முடிச்சைத் திரும்ப உள்ளே கொண்டு போனா. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன் சொன்னேன்? இந்த முறை அவரில் பிழையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன காப்புகள் ஆறும் அந்த ஒரு சொல்லைச் சொல்ல வைத்தன என்று சொல்லலாம். சொன்னது என் வாய்தானே. வெட்கத்தில் காது சுட்டது எனக்கு.

படியால் இறங்கித் தெருவுக்கு வந்தோம். பிள்ளைகள் முன்னுக்கு ஓடினார்கள், சாவி கிடைத்துவிட்டது என்று கத்திக்கொண்டு. கொஞ்சத் தூரம் நடந்தோம். பிறகு இவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"பனிக்குள்ளை துலைஞ்சு போகும் எண்டுதானே அங்கை வைச்சிட்டு வந்தனீர்?"

எனக்கு ஒரு வழி விட்டுத் தருகிறார் என்று விளங்கியது. அவமானப்பட்டவர் அவர், வழி விடுகிறவரும் அவர். இல்லை, உங்களை நம்ப ஏலாமல் போச்சுது, என்னை மன்னியுங்கோ என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"ஓம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். காலையில் வெள்ளனவே வெளிக்கிட வேணும், பிள்ளையளின்ரை சப்பாத்தை எடுத்து வையும் என்றார்.