யாருக்கும் சொல்லக்கூடாத எண்

ஸ்தனிஸ்லாஸைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கிளியூர் போகிற ரோட்டு வளைவில் டீக்கடை போட்டு, மிளகாய் பஜ்ஜி சுட்டு, ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிற அத்தனை தினுசு ஆட்களையும் பார்த்தவள் நான். என் பெயர் மீனாட்சி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாய் இல்லாமல் ஒற்றைப் பொம்பளை இந்த மலையில் கடை நடத்திவிட முடியுமா?

அவன் எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவன். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறிக் கிடக்கும் கொடிக்கு ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சிவரை போய்ப் பறிக்க வேண்டும். அந்த வேலைக்கு இப்படி ஒரு ஆளா என்று நான் கேலி பண்ணாத நாள் கிடையாது. நாய் குரைத்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். இடி இடித்தால் என் கடைக்குள் ஓடி வந்து, பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவான். காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், வருவது தபால்காரராக இருந்தாலும் ஒரு கும்பிடு. ஏணியில் ஏறும்போது இடுப்பில் ஒரு கயிறு, அதற்கு மேல் இன்னொரு கயிறு.

"ஏப்பா பயந்தாங்கொள்ளி, ரெண்டு கயிறு எதுக்கு?" என்று கேட்பேன்.

"மொதக் கயிறு அந்து போச்சுன்னா என்னங்கக்கா பண்றது?" என்பான். "பயந்தவன் உழுவ மாட்டானுங்க."

அது என்னவோ நிஜம்தான். தைரியசாலிகள் சிலர் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார்கள். இவன் ஒருநாளும் விழவில்லை.

அவனுக்கு ஒரே மகள், ஈவ்லின். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. அப்பன் பறிக்கிற மிளகுக் கொடிக்கு வருகிற வாடல் நோயைப் பற்றித்தான் ஆராய்ச்சி. அவள் சேரும்போது அந்த வீட்டில் இருந்ததே ஒரு போன்தான், அதுவும் ஸ்தனிஸ்லாஸின் சட்டைப்பையில். அதனால் எல்லா இடத்திலும் அவன் நம்பரையே கொடுத்துவிட்டாள். கொரோனா இரண்டாம் தடவை தலையெடுத்தபோது விடுதியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பும், அங்கே போன பிறகு வாங்கிய ஒரு போனும், துணிப்பையுமாக வந்து இறங்கினாள். நூலகத்துக்கும் பூட்டு. ஆனால் அங்கிருந்து ஒரு தகவல் வந்ததாம்: வீட்டில் இருந்தபடியே நூலகத்துக்குள் நுழைந்து படிக்கலாம், ஒவ்வொரு முறையும் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால் உள்ளே விடும் என்று.

அவர்கள் வீட்டில் சிக்னல் கிடையாது, பக்கத்தில் என் கடை வளைவில் மட்டும்தான். எனவே அவள் தினமும் இங்கே வந்து உட்கார்ந்தாள். ஓடிபி போவது எஸ்டேட்டில், சிக்னல் எட்டுகிற மரத்து உச்சியில் நிற்கும் அப்பனுக்கு. கூத்து அங்கேதான் ஆரம்பித்தது. அந்தக் குறுஞ்செய்தியின் கடைசியில் இங்கிலீஷில் 'இதை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று போட்டிருக்கும் அல்லவா? எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டான். பிடித்தது சனி. யாருக்கும் என்றால் யாருக்கும்தானே? மகளுக்குச் சொல்லலாம், ஆனால் பேசுவது மகள்தானா என்று எப்படித் தெரியும்? இந்தக் காலத்தில் குரலை மாற்றிப் பேசுகிறார்களாமே.

"நம்மூட்டுக் கெடாவுக்கு எந்தக் காது அறுந்துருக்குது, சொல்லு பாக்கலாம்," என்று கேட்பான்.

"அப்பா, நாந்தானுங்க. நம்பரச் சொல்லுங்க, டைம் போயிரும்."

"மொதல்ல காதச் சொல்லு கண்ணு."

"சோத்தாங்கைப் பக்கத்துக் காதுங்க!"

அப்புறம்தான் எண்ணைச் சொல்வான். ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. அம்மாவின் கல்யாணச் சேலை என்ன நிறம், வீட்டுக் கூரையில் ஓடு உடைந்தது எந்தப் பக்கம் என்று. போன் ஸ்பீக்கரில் இருக்கும், நான் கேட்டுக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்பேன். கடைசியில் அவனுக்கே பெருமை வந்துவிட்டது. "இன்னிக்குக் கதவு தொறந்துச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பான். அத்தனை பெரிய நூலகத்தின் சாவி தன் சட்டைப்பையில் இருக்கிறதென்று ஒண்டிக்கடை முக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மே மாதம் அவனுக்கே கொரோனா வந்துவிட்டது. இரண்டு முகக்கவசம் போட்டவன், பால் பாக்கெட்டைக் கூட சோப்புப் போட்டுக் கழுவியவன், அவனுக்கு! காய்ச்சலும் இருமலுமாக இருந்தவனை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். என் கடை வளைவில்தான் வண்டி திரும்பியது. கண்ணாடி வழியாக அவன் கையைக் கூப்பியது தெரிந்தது. என்னைத்தான் கும்பிட்டானா, மாதாவையா, தெரியவில்லை.

அவன் மனைவி அற்புதத்துக்கும் நோய் இருந்தது, லேசாக. வீட்டு வாசலில் கம்பைக் கட்டிவிட்டார்கள். ஈவ்லினுக்கு இல்லை என்றாலும் அவளும் வெளியே வரக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் சிக்னல் இங்கேதானே இருக்கிறது! ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதகுச் சுவரில் உட்கார்ந்துகொள்வாள். நான் கடைக்கு முன்னால் குறுக்கே ஒரு கயிறு கட்டினேன்.

"அக்கட்டயே இரு சாமி, கயித்துக்கு இக்கட்ட வந்தியோ கொன்னுபோடுவேன்!" என்று கத்தினேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பாள். பயமாக இருந்தது, வேறென்ன? கரடியூரிலிருந்து எனக்குக் காய்கறி கொண்டுவந்து போடுகிறவர் அந்த நோயில் போய்ச் சேர்ந்திருந்தார். முகத்தைக்கூட யாருக்கும் காட்டவில்லை. சுற்றுலா வண்டி ஒன்றுகூட இல்லை. பட்டப்பகலில் காட்டெருமை ரோட்டின் நடுவே நின்றது. கீழே கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தும் ஸ்தனிஸ்லாஸ் கேள்வியை விடவில்லை. ஆனால் கேள்வி நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. நடுவில் மூச்சு வாங்கியது.

"கெடாவுக்கு... எந்த... காது?"

"அப்பா, கேள்வி வேண்டாமுங்க. நம்பர மட்டும் சொல்லுங்க."

"யாருக்கும்... சொல்லக்கூடாதுன்னு... போட்டிருக்குதே கண்ணு."

எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "அறிவிருக்குதா உனக்கு? மூச்சுக்கு அல்லாடற மனுசன்கிட்ட நம்பரு கேக்கறியே! உங்கிட்டத்தான் இப்ப போன் இருக்குதே, அந்த நூலகத்துல சொல்லி நம்பர மாத்தித் தொலையேன்!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாத்திப்போட்டா, எதைச் சொல்லிக் கூப்பிடறதுங்கக்கா? சும்மா கூப்பிட்டா எடுக்கறதே இல்லீங்க. பேசினா மூச்சு வாங்குது, சார்ஜ் போயிரும்ங்கறாரு. இதுக்குன்னா மட்டும் எடுத்துர்றாரு. இல்லீன்னா எம் படிப்பு நின்னு போயிருமாம்."

அவள் படிக்கவா உள்ளே போகிறாள்? அப்பன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கத்தான் ஓடிபி அனுப்பச் சொல்கிற பொத்தானை அழுத்துகிறாள். அதற்குப் பிறகு அவள் அழுத்தும்போதெல்லாம் நானும் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

ஒருநாள் போனை எடுத்தது வேறொரு ஆள். "அம்மணி, நான் பக்கத்துப் பெட்டு பழனிசாமிங்க. உங்க நம்பரு வந்திருக்குது, எழுதிக்கிறீங்களா?" என்று ஆறு எண்களையும் கடகடவென்று வாசித்துவிட்டார். காதும் இல்லை, சேலையும் இல்லை, ஒரு கேள்வியும் இல்லை. ஈவ்லினின் கை லேப்டாப்பின் மேல் அப்படியே நின்றது.

"அப்பா எங்கீங்க?"

"மேல் மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க அம்மணி. ஆக்சிஜன் பத்தலீங்களாமா. போனு பெட்டுலயே கெடந்துச்சு. நர்சம்மாகிட்டக் குடுத்தர்றனுங்க."

அவள் அந்த எண்ணைப் போடவே இல்லை. லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பனி மூடுகிறவரை மதகில் உட்கார்ந்திருந்தாள். போய் ஒரு வாய் டீ கொடுக்க என் கால் துடித்தது. கயிறு வரைக்கும் போனேன், அதற்கு மேல் போகவில்லை. உயிர்ப்பயம் என்ன லேசுப்பட்டதா?

அடுத்து வந்த மாதிரி நாட்கள் எதிரிக்கும் வரக்கூடாது. அவள் அழுத்துவாள், ஓடிபி அந்தப் போனுக்குப் போகும், யாரும் எடுக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் விசாரிக்கிற எண்ணுக்குப் போட்டால், "அப்படியேதான் இருக்காரு" என்ற ஒரே பதில். அப்படியே என்றால் எப்படியே? கேட்பதற்குள் வைத்துவிடுவார்கள். பாவம், அவர்களுக்கும் எத்தனை பேர்! கொஞ்ச நாளில் அந்தப் போனும் அணைந்துவிட்டது. அற்புதம் வீட்டு ஜன்னலில் நின்று மகள் திரும்பி வரும் முகத்தைப் பார்ப்பாளாம். என்ன ஆச்சு என்று கேட்கமாட்டாளாம்.

இதற்கு நடுவில் நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்குகிறது, பல நாளாக நீங்கள் உள்ளே வரவில்லை, வேண்டிய பக்கங்களை ஸ்கேன் எடுத்தும் அனுப்புகிறோம், எண்ணில் சிக்கல் என்றால் மாற்றித் தருகிறோம் என்று நல்லவிதமாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி. 'பழைய எண் இனிமேல் பயன்பாட்டில் இருக்காது என்பதை உறுதி செய்யவும்.'

அதை ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குப் படித்துக் காட்டினாள். "இதுக்கு நான் என்னன்னுங்கக்கா எழுதறது?"

அந்தப் பிள்ளை ஆமாம் என்று எழுதினால், அப்பனைத் தானே போகச் சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

"கடைசியா ஒருக்கா பழைய நம்பருக்கே அனுப்பிப் பாக்கறேன். வல்லீன்னா எழுதிப்போடறேன்," என்றாள்.

அழுத்தினாள். பனி ரோட்டை மூடிக்கொண்டு வந்தது. மதகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நான் எந்தச் சாமியை விட்டேன்? சேர்வராயன் சாமியைக் கும்பிட்டேன், அவனுடைய மாதாவையும் கும்பிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவள் லேப்டாப்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. பதில் எழுதத் தொடங்கிவிட்டாள் என்று தெரிந்தது.

அப்போது அவள் போன் அடித்தது. அப்பனின் நம்பர்.

"ஈவ்லினுங்களா? நான் வார்டு நர்ஸ் பேசறேன்."

நான் எப்போது கயிற்றைத் தாண்டினேன், எப்போது ரோட்டைக் கடந்தேன், ஒன்றும் தெரியாது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுங்கம்மா, கேக்குது," என்றேன் நான்.

"பயப்படாதீங்க. அவருக்கு மூஞ்சில மாஸ்க் மாட்டியிருக்குது, பேச முடியாது. போனு சார்ஜ் இல்லாமக் கெடந்துச்சு, இன்னிக்குத்தான் போட்டு வெச்சேன். மெசேஜ் வந்த சத்தத்துக்குக் கண்ணு முழிச்சுட்டாரு. நம்பரப் படிச்சுச் சொல்லலாம்னு போன எடுத்தா, எங்கையப் புடிச்சுக்கிட்டு உட மாட்டேங்கறாரு! பேனா கேட்டு, எழுதிக் காமிக்கறாரு. இதக் கேட்டுப்போட்டுத்தான் நம்பரச் சொல்லோணுமாம்."

"கேளுங்க," என்றாள் ஈவ்லின்.

"டீக்கடை மீனாட்சியக்கா உங்கப்பாவ என்னன்னு கூப்பிடுவாங்க?"

ஈவ்லின் என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. கண்ணீர் கன்னத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, என்னையே பாத்துக்கிட்டிருக்காரு," என்றார் நர்ஸ்.

நான் போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக் கத்தினேன். "பயந்தாங்கொள்ளி! பயந்தாங்கொள்ளின்னு சொல்லுங்கம்மா அந்த ஆளுகிட்ட! நாந்தான் சொன்னேன்னு சொல்லுங்க!" அதற்குமேல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தலைய ஆட்டறாரு," என்றார் நர்ஸ். பிறகு ஒவ்வொன்றாக ஆறு எண்களையும் சொன்னார். ஈவ்லின் தட்டினாள்.

உள்ளே விடவில்லை. நேரம் முடிந்துவிட்டது, மறுபடி அனுப்பவும் என்று காட்டியது.

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா அனுப்பு சாமி," என்றேன். "அங்க ஆளு இருக்குது."