தலைக்கு வார்த்த தண்ணீர்

தாதி ஜெசிந்தா அக்கா இறந்த செய்தி சிறுவர் வார்டில் காலைச் சுற்று முடியும்போது வந்தது. "டொக்டர், நம்மட மிஸ்ஸி போயிட்டா" என்றார் சிற்றூழியர்.

அவருடன் வேலை செய்த எல்லோருக்கும் அந்த உள்ளங்கைகளைத் தெரியும். பிள்ளைகளின் வயிற்றைத் தொடுமுன் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தொடாமலே கடந்துபோகும் என்னிடம், "காதுல குழாய் கிடக்கு, கைய எங்க வெச்சிட்டு வந்தீங்க?" என்பார்.

ஒருமுறை வாகரையிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நெருப்புக் காய்ச்சல் என்னும் டைபொயிட்டோடு வந்திருந்தாள். மூன்றாம் வாரம் ஒரு காலையில் காய்ச்சல் இறங்கியது. வயிற்று நோவென்று அழுதவள் பேசாமல் கிடந்தாள். "காய்ச்சல் விட்டுட்டு டொக்டர், தலைக்கு வாக்கட்டா?" என்று தாய் சிரித்தபடி கேட்டார். நோய் தீர்ந்ததற்கு எங்கள் பக்கத்தில் தலைக்குத் தண்ணீர் வார்ப்பதுதான் அடையாளம். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமலே "ஓம்" என்றேன்.

மாலை கடமைக்கு வந்த அக்கா பிள்ளையின் வயிற்றில் கை வைத்தார். "பலகை மாதிரிக் கிடக்கு. ஓடி வாங்க!"

குடலில் ஓட்டை என்று நினைத்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் வயிற்றைத் திறந்தார். குடலில் ஒன்றுமில்லை, பித்தப்பை வெடித்திருந்தது. இந்தக் காய்ச்சலில் அது மிக அரிது. மறுநாள் பிள்ளை இறந்தாள்.

"நான் தண்ணி வாத்துத்தானே மிஸ்ஸி புள்ள போனது?" என்று தாய் அக்காவிடம் கேட்டார்.

"தண்ணியால இல்ல கா. காய்ச்சல்தான் உள்ளுக்க அரிச்சது."

தாய் என்னைப் பார்த்தார். நான் குனிந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒரு லீவு நாளில் வாகரைக்குப் பஸ் ஏறிப் போய்வந்தார். "அந்தப் பொம்புள இன்னும் தன்னத்தான் சொல்லுறா. நான் ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைக்கிறா. வாக்கச் சொன்ன நீங்க போகணும்."

போன மாதம் அமிர்தகழியில் அக்காவை அவர் வீட்டில் பார்த்தேன். ஈரலில் கட்டி, கண்கள் மஞ்சளாகியிருந்தன. கைகளைத் தேய்த்துக்கொண்டு வயிற்றைத் தொட்டேன்.

"கல்லு மாதிரியா?"

"ஓம் அக்கா."

"பொய் சொல்லல்ல. நல்லம். வாகரைக்குப் போனீங்களா?"

"இல்ல."

"மறுகா எப்ப போவீங்க?"

அக்காவின் அடக்கம் முடிந்த அடுத்த நாள் வாகரைக்குப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளையின் தாய் பணிப்பெண்ணாக வெளிநாடு போய்விட்டாராம். தொலைபேசி இலக்கம் அயலில் எவரிடமும் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் அவர் இன்னும் அந்தத் தண்ணீரையே நினைத்துக்கொண்டிருப்பார்.

காய்ச்சல் இறங்கிய பிள்ளையைக் கண்டால் இப்போது எனக்குச் சந்தோஷம் வருவதில்லை. கைகளைத் தேய்த்துக்கொள்கிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சூடும், இனிப் பதில் சொல்ல முடியாத "எப்ப போவீங்க?" என்ற அந்தக் கேள்வியும்தான்.