சாவகச்சேரி சாம் எனக்கு மட்டும் சொல்லவில்லை

யோகன் போய்விட்டான். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில்.

எழுதிவிட்டேன். எழுதிய பிறகும் நம்ப முடியவில்லை…

தெரியாதவர்களுக்கு: ஒஸ்லோவில், ரொம்சோஸ் அடுக்குமாடியில் எங்களுக்கு ஒரு மாடி மேலே இருந்தவன். இருபத்திரண்டு வருடம். ஒரே படிக்கட்டு, ஒரே டாக்சி ஸ்டாண்ட், டாக்சி ஓட்டி ஓட்டி இடுப்பில் ஒரே நாரிப்பிடிப்பு.

என்னைக் கௌபாய் ஆக்கியவனும் அவன்தான். சிரிக்க வேண்டாம், உண்மை.

ஒரு பழைய கட்டடத்தின் நிலவறையில், யார் வேகமாகச் சுடுவது என்று போட்டி போடும் ஒரு கௌபாய் கிளப். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் வளர்ந்த நோர்வேஜியர்கள் தொப்பி போட்டு, இடுப்பில் தோல் பட்டி கட்டி வரிசையாக நிற்பார்கள். எதிரே இரும்புத் தட்டு. தட்டின் நடுவில் விளக்கு எரிந்தால் உறையிலிருந்து ரிவால்வரை உருவிச் சுட வேண்டும். மெழுகுக் குண்டுதான்… ஆனால் கடிகாரம் நொடியைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டும்.

வீட்டில் சொன்னேன். மனிசி கேட்டாள்: "அங்கை துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இஞ்சை தொப்பி போட்டுக்கொண்டு துவக்குத் தூக்கப் போறியளோ?"

அடுத்த செவ்வாய் நானும் தொப்பியோடு போய் நின்றேன்.

கிளப்பில் ஆளுக்கொரு கௌபாய்ப் பெயர் கட்டாயம். சொந்தப் பெயரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். யோகன் தன் ஊரைச் சேர்த்து, சாவகச்சேரி சாம். எனக்கும் அவனே ஒன்றைப் பதிந்து வைத்திருந்தான், என்னைக் கேளாமல்: ஸ்லோ சிவா.

"ஏன்டா ஸ்லோ?"

"நீ பஸ்சுக்கு ஓடினதை நான் பல்கனியிலை நிண்டு பாத்தனான் மச்சான்."

முதல் நாள், ரிவால்வர் உறையை விட்டு வருமுன்பே விசையை அழுத்திவிட்டேன். குண்டு என் சொந்தச் சப்பாத்தில். ஒரு கிழமை நொண்டினேன். பனியில் வழுக்கியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யோகன் டாக்சி ஸ்டாண்ட் முழுக்க உண்மையைச் சொல்லிவிட்டான்.

மூன்று வருடம் அவனிடம் தோற்றேன். போன இலையுதிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை… ஜெயித்தேன். அடுத்தடுத்து நாலு தடவை!

அன்றைக்கு நான் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. அடுத்த கிழமை யோகன் பட்டி கட்டவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மற்றவர்களின் நேரத்தை வாசிக்கத் தொடங்கினான்.

விடுவேனா?

"என்னடாப்பா, தோத்தவுடனை கதிரையிலை ஏறிட்டாய்?"

"ஓம் மச்சான். உன்ரை வேகத்துக்கு முன்னாலை ஆர் நிக்கிறது?"

"பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லு."

"பயந்தாங்கொள்ளிதான். நீ சுடு."

ஏழு மாதம். ஒவ்வொரு செவ்வாயும் இதே பகிடி. நோர்வேஜியன் மொழியிலும் பெயர்த்துச் சொன்னேன், மற்றவர்களும் சிரிக்கட்டும் என்று. ஒருவரும் சிரிக்கவில்லை. என் மொழிதான் பிழையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

மெலிந்துபோகிறாயே என்று கேட்டேன். சோற்றை விட்டுவிட்டேன் என்றான். நானும் விட்டேன்… மூன்று நாள்.

போன கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது படிக்கட்டில் கண்டேன். "பித்தப்பையிலை கல்லு மச்சான். எடுத்துப்போட்டு வாறன்." நானும் கை காட்டி அனுப்பினேன்.

நேற்று மத்தியானம் கிளப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆர்னேவுக்குப் போன் எடுத்துச் செய்தியைச் சொன்னேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்."

நாங்கள்?

கிளப்பில் ஒரு சட்டம் இருக்கிறது. கடுமையான மருந்து எடுப்பவர் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு ரிவால்வரைத் தொட முடியாது. யோகன் ஒழுங்காகப் போய்ச் சொல்லியிருக்கிறான், புற்றுநோய் என்று. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு செவ்வாயில் மற்ற எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு ஒரேயொரு வேண்டுகோள்: ஸ்லோ சிவாவுக்கு மட்டும் தெரியக்கூடாது.

"நான் அவனை வென்ற அந்த நாள்…?" என்று கேட்டேன்.

"அப்போதே அவர் கையில் பலம் குறைந்திருந்தது," என்றார் ஆர்னே.

சரி. அதுவும் போச்சு.

பின்னேரம் மேலே ஏறிப் போய் அவன் மனிசி வசந்தியிடம் கேட்டேன். கேட்கிற நேரமா அது? கேட்டுவிட்டேன்.

"அவர்தான் சிவாண்ணை சொல்லக்கூடாதெண்டவர். சிவாவுக்குத் தெரிஞ்சால் அண்டைக்கே பேஸ்புக்கிலை போடுவான், அடுத்த நாள் முழு ஒஸ்லோவும் இடியப்பத்தோடை படியிலை நிக்கும் எண்டவர்."

நான் அப்படிப்பட்டவன்தான். மகள் டிரைவிங் டெஸ்டில் ஃபெயில் ஆனதை, அவள் வீட்டுக்கு வந்து சேருமுன் இங்கே போட்டவன். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் யோகன்… தொப்பி போட்ட பதினாலு பேருக்குச் சொன்னாய். உன் சொந்தப் பெயரையே கூப்பிடாத பதினாலு பேருக்கு. என்னை மட்டும் ஏழு மாதம் பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி என்று கத்த விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருந்து என் நேரத்தை வாசித்தாய்.

அவர்கள் கண்ணுக்கு நான் யார்? சாகப்போகிறவனைக் கிழமைக்குக் கிழமை சீண்டிய மனிதன்.

உன் கூட்டாளி என்று இவ்வளவு காலமும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே… அதை உன்னிடமும் ஒருதரம் கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

சொல்லிப் பார்த்திருக்கலாம். வாயை மூடடா என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மூடியிருப்பேனா? தெரியாது. தெரிந்துகொள்ள விட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இறுதிக் கிரியை. தொப்பியோடு வரலாமா என்று ஆர்னே கேட்டார். வசந்தி ஓம் என்றாள். என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாள்.

மாட்டேன் என்றேன். பெட்டி தூக்க ஆள் வேண்டும், அதற்கு வருகிறேன்.

போ மச்சான். உன்னோடு நான் கோவம்.