நிலை அங்கே, கதவு இங்கே

எதிர்வீட்டை இடிக்கிறார்கள். பழைய சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏற, தும்மலோடு சொந்த ஊரான செஞ்சியின் நினைவும் வந்துவிட்டது.

அறுபதுகளில் தாத்தா வீட்டைப் பிரித்து, நைனாவும் சித்தப்பாவும் ஓடு, உத்திரமெல்லாம் சரிபாதியாக எடுத்துக்கொண்டார்கள். தலைவாசல் ஒன்றுதான். கதவு எங்களுக்கு, நிலை அவருக்கு.

"நெல இல்லாம கதவ எதுலண்ணா மாட்டுவ?" என்று சித்தப்பா சிரித்தார்.

"நீ நெலையில கோணிய மாட்டிக்கினு நாய வெரட்டு," என்றார் நைனா.

அப்படியே ஆனது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தப்பாவின் புதுவீட்டு வாசலில் கோணி தொங்கியது. எங்கள் கதவு எனக்குக் கட்டிலானது. படிப்பு ஏறாததற்கு முதுகில் குத்திய அதன் குமிழ்களே காரணம் என்று இன்றும் சொல்லித் திரிகிறேன்.

சித்தப்பாவை அடக்கம் செய்த மறுநாள், நைனாவே கதவை வண்டியில் ஏற்றிப்போய் அந்த நிலையில் மாட்டினார். இழைக்காமலே பொருந்தியது. திறந்து "வாண்ணா" என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.