கேட்டுக்காரர் போட்ட வெளிச்சக் கூரை

தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்டுக்காரர் என்றால்தான் தெரியும். கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எதற்கு அவர் வெல்டு வைத்தாலும் யானை மோதினாலும் அசையாது. அவர் முடுக்கிய ஸ்குரூவைக் கழற்ற மறுபடி அவரையேதான் கூப்பிட வேண்டும். மனுஷனும் அப்படித்தான், பிடித்தால் பிடித்ததுதான். என் மகளைக் கட்டியவர் என்பதற்காகப் புகழவில்லை. அவரோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை.

மகளுக்கு ரத்தத்தில் நோய். ஏழு மாதம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தோம். கடைசியில் டாக்டர், “இனி வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்குங்க. ஒரு கொசு கடிச்சு காய்ச்சல் வந்தாலும் உடம்பு தாங்காது” என்றார். வீட்டிலேயே என்றால் என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அந்த அறை வேணாம்மா. ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. நான் வெளிய வெளிச்சத்துல படுத்துக்கறேன்.”

வெயில் நேராக அவள் மேல் படக்கூடாது, மழை படக்கூடாது, கொசு கூடவே கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அனுப்ப இன்னும் எட்டு நாள் இருந்தது. வீட்டின் பின்பக்கத் தரையில் கேட்டுக்காரர் சாக்பீஸால் கோடு போட்டார். நான்கு இரும்புக் கால், மூன்று பக்கமும் வலை, தானே சாத்திக்கொள்ளும் கதவு, மேலே பால் நிறத்தில் வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் ஷீட். தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் வைத்தார்.

ஷீட் விற்ற கடைக்காரர் நாங்கள் கிளம்பும்போதே சொன்னார்: “ஸ்குரூவ விட ஓட்டையப் பெருசாப் போடுங்கண்ணே. லேசா முடுக்கினாப் போதும்.”

வீட்டுக்கு வந்ததும் இவர் பொரிந்து தள்ளினார். “முப்பது வருஷமா கூரை போடறேன். எனக்கு ஓட்டை போடக் கத்துத் தர்றான்!”

“கேட்டா என்ன கொறஞ்சு போச்சு மாப்பிள்ளை?”

“அத்தை, நீங்க வலையப் பிடிங்க. காத்து தூக்கினா அவ தலையிலதான் விழும்.”

இரும்புத் தகட்டுக்கு முடுக்குகிற மாதிரியே அத்தனை ஸ்குரூவையும் முடுக்கினார். நானும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அவளைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டோம். சுற்றிலும் பார்த்துவிட்டு, “என்னங்க, கோழியக் கூண்டுல அடைச்ச மாதிரி அடைச்சிட்டீங்க” என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம்!

உச்சிவெயில் ஏறியதும் தலைக்கு மேல் படாரென்று ஒரு சத்தம். அவள் உடம்பு தூக்கிப்போட்டது. ஸ்குரூ இருந்த இடத்திலிருந்து ஷீட் ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. கேட்டுக்காரர் முகத்தில் ரத்தமில்லை.

“சூட்டுல ஷீட்டு விரியுது அத்தை. நகர நான் எடமே விடல.”

கடையில் இருந்ததே அவ்வளவுதான், எல்லாம் வெடித்தால் புது ஷீட் வர இரண்டு வாரம். அவளிடம் இரண்டு வாரம் இல்லை.

“உள்ள தூக்கிட்டுப் போயிடலாம்டி” என்றேன். அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். “செத்தாலும் வரமாட்டேன்.”

அவர் கொதிக்கும் கூரைமேல் பலகை போட்டுக் குப்புறப் படுத்தார். ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, லேசாகத் திருகினார். வெடித்த இடத்தில் பசை தடவினார். தூள் விழாதபடி நான் கட்டிலை எதிர்மூலைக்கு இழுத்தேன். சாயங்கால வெயிலில் அவர் நிழல் அங்கேயும் வந்து அவள் மேல் விழுந்தது.

“என்னங்க,” என்றாள், குரலே எழும்பாமல். “கொஞ்சம் தள்ளிக்குங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க.”

அவர் தள்ளிப் படுத்தார். மீதி ஸ்குரூக்களை எட்டி எட்டித்தான் தளர்த்தினார்.

அதற்கப்புறம் ஷீட் வெடிக்கவில்லை. பதினோரு நாள் அவள் அங்கேயே கிடந்தாள், அங்கேயே போனாள். ஒரு கொசு உள்ளே வரவில்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.